சாட்சியத்தைத் தீர்ப்பாக வாசிக்கும் கல்வி

காரின் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி2008 என்ற குறியீடு வருகிறது. உடனே இன்டேக் மேனிஃபோல்டு ரன்னர் கட்டுப்பாட்டுச் சோலெனாய்டு மாற்றப்படுகிறது, குறியீடு அழிக்கப்படுகிறது, பணம் பெறப்படுகிறது. பத்து நாள் கழித்து விளக்கு மீண்டும் எரிகிறது. இதைப் பணிமனையின் அலட்சியம் என்று கடந்து செல்வது கல்வியாளர்களுக்கு வசதியாக இருக்கலாம். ஆனால் இப்பிழையின் விதை வகுப்பறையில் ஊன்றப்பட்டது.

அக்குறியீடு உண்மையில் சொல்வது என்ன? எஸ்.ஏ.இ. ஜே2012 தரநிலையின்படி, ரன்னர் கட்டுப்பாட்டு மின்சுற்றில் கோளாறு அல்லது துண்டிப்பு உள்ளது என்பதே அதன் பொருள். சோலெனாய்டு கெட்டுவிட்டது என்று அதில் எங்கும் இல்லை. மடல் திறந்தபடியோ மூடியபடியோ சிக்கிக்கொண்டால் அதற்கெனப் பி2004, பி2006 என்ற வேறு குறியீடுகள் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைப் படித்தறியாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர், வழக்கின் பெயரைக் கேட்டவுடனே தீர்ப்பு எழுதும் நீதிபதியைப் போன்றவர்.

குறைந்த சுழற்சியில் நீண்ட காற்றுப்பாதையும், மிகுந்த சுழற்சியில் குறுகிய பாதையும் சிலிண்டர் நன்கு நிரம்பத் துணைசெய்கின்றன. பாதையை மாற்றும் மடலுக்கு வெற்றிடத்தைத் திறந்துவிடுவதே பல எஞ்சின்களில் இச்சோலெனாய்டின் பணி. அதன் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியே 12 வோல்ட் வருகிறது, மறுமுனையை இ.சி.யூ. எர்த்துடன் இணைத்தும் விடுவித்தும் இயக்குகிறது. விடுவித்த நிலையில் கட்டுப்பாட்டுக் கம்பியின் மின்னழுத்தம் உயர்ந்திருக்க வேண்டும். இணைத்த நிலையில் பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும். இந்த எதிர்பார்ப்பு பொய்த்தால் குறியீடு பதிவாகிறது. எனவே ஃபியூஸ், வரும் கம்பி, கனெக்டரின் பின், சுருள், செல்லும் கம்பி, இ.சி.யூ.வின் உள்ளிருக்கும் டிரைவர் என ஐயத்திற்குரியவை ஆறு. அவற்றுள் ஐந்தை விசாரிக்காமலே விடுதலை செய்துவிடுகிறது நடைமுறை.

விசாரிப்பதாகச் சொல்லிக்கொள்பவர்களும் பாதிவழியில் நின்றுவிடுகிறார்கள். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைக்கிறார்கள்; 12 வோல்ட் காட்டுகிறது; ‘சப்ளை சரி’ என்கிறார்கள். வரும் கம்பியில் எங்கோ துருவால் 1000 ஓம் மின்தடை ஏறியிருப்பதாகக் கொள்வோம். 10 மெகா ஓம் உள்தடை கொண்ட மீட்டருக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஏறத்தாழ 12 வோல்ட்டையே காட்டும். ஆனால் 30 ஓம் சுருளை இணைத்தவுடன் அதற்குக் கிடைப்பது சுமார் 0.35 வோல்ட் மட்டுமே. ஓம் விதியைப் பள்ளியிலேயே படித்த நாட்டில், மின்சுமையோடு அளக்க வேண்டும் என்ற எளிய முடிவு ஏன் பட்டதாரிக்குத் தோன்றுவதில்லை?

இதைவிட ஆபத்தானது பொய்யான வெற்றி. சோலெனாய்டை மாற்றும்போது கனெக்டர் கழற்றி மாட்டப்படுகிறது. அந்த உராய்வில் துருப்பிடித்த பின் சற்றே சுத்தமாகித் தொடர்பு மீள்கிறது. பெருமை புதிய உதிரிபாகத்திற்குப் போகிறது. இந்திய அளவையியல் ஏதுப்போலி என்று பெயரிட்டு எச்சரித்த பிழை இதுவே: காரணமல்லாத ஒன்று காரணத்தின் வேடத்தில் வந்து நிற்கிறது. பழைய பாகத்தையே திரும்ப மாட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேடம் கலைந்திருக்கும்.

சுற்று வரைபடம் கிடைப்பதில்லை, நேரமில்லை என்பன பணிமனையின் மறுமொழிகள். அவற்றில் நியாயம் உண்டு. ஆனால் கல்லூரி ஆய்வகத்திற்கு அந்தச் சாக்குகள் செல்லா. அங்கே நடப்பது என்ன? விடை முன்கூட்டியே தெரிந்த சோதனை. முந்தைய ஆண்டு மாணவரின் ரெக்கார்டிலிருந்து பெயர்த்தெழுதிய அளவீடு. எஞ்சின் ஒரு துறைக்கும் மின்சுற்று இன்னொரு துறைக்கும் என்று போடப்பட்ட பாகப்பிரிவினை. கோளாறு கண்டறிதலை மெக்கானிக்கின் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது அறிவு பற்றிய கருத்தல்ல. உழைப்பின் மீதான பழைய இளக்காரம், பாடத்திட்டத்தின் சட்டையை அணிந்து வந்திருக்கிறது. கருதுகோள் அமைத்தல், அதைப் பொய்ப்பிக்கக்கூடிய சோதனையைத் தேர்தல், மாற்று விளக்கங்களை நீக்குதல் ஆகியவை ஆய்வேட்டில் முறையியல் எனப் போற்றப்படும். காரின் அடியில் நிகழ்ந்தால் மட்டும் வேலை ஆகிவிடுமா?

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 நடைமுறையில் இருக்கிறது. வண்டிகளில் சென்சார்களும் சோலெனாய்டுகளும் பெருகிவிட்டன. ஒவ்வொரு தவறான கணிப்புக்கும் வண்டி உரிமையாளர் பணமாகவும், ஊர் புகையாகவும் விலை கொடுக்கின்றன.

மாற்றம் தொடங்க வேண்டிய இடம் தேர்வு முறை. ஆசிரியர் ஆறு இடங்களுள் ஒன்றில் கோளாற்றை மறைத்து வைக்கட்டும். மாணவர் அதைக் கண்டுபிடித்ததற்குப் பாதி மதிப்பெண் போதும். மற்ற ஐந்தையும் எந்த அளவீட்டின் பேரில் விலக்கினார் என்பதற்கு மறுபாதியை வைக்கட்டும். ஸ்கேனரால் அந்த மறுபாதியைப் பெற்றுத்தர இயலாது.