ஆன்-ரோடு ரகசியம்

சிதம்பர ரகசியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும். அதற்குப் பின்னால் வெட்டவெளி. இப்போது அதே சிதம்பரத்துக்காரர்கள் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் பஸ் ஏறிப் போய் இன்னொரு ரகசியத்தைத் தரிசித்துவிட்டு வருகிறார்கள். அதற்குப் பெயர் ‘ஆன்-ரோடு விலை’. அந்தத் திரைக்குப் பின்னால் வெட்டவெளி கிடையாது. உங்களை வெட்டுவதற்கென்றே நாலைந்து ஐட்டங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

கொத்சுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால், கிலோவுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஜனங்கள் நாம். அதே ஆள் ஏ.சி. ஷோரூமுக்குள் நுழைந்து, கையில் ஒரு கிளாஸ் ஜூஸ் கொடுக்கப்பட்டதும் எப்படி ஆகிவிடுகிறார் பாருங்கள்.

“மொத்தம் எவ்வளவு தம்பி?”

“ஆன்-ரோடு ஒம்பது இருபது வருது சார்.”

“கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.”

“உங்களுக்காக ஃப்ளோர் மேட், சீட் கவர் ஃப்ரீயா போட்டுத் தர்றேன் சார்.”

முடிந்தது பேரம்! பத்து வருட சேமிப்பைக் கொட்டி வாங்குகிற பொருளுக்கு இவ்வளவுதான் பேச்சு.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: மொத்தத்தை நம்பாதே, ஐட்டம் ஐட்டமாகப் பார். ஒன்பது லட்சத்து இருபதாயிரம் என்பது ஒரு விலை அல்ல, ஐந்தாறு விலைகளின் கூட்டல். அதில் சிலவற்றில் ஒரு பைசா குறையாது. சிலவற்றில் ஆயிரக்கணக்கில் குறையும். எது எது என்று நமக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ‘ஆன்-ரோடு’ என்று ஒரே மூட்டையாகக் கொடுக்கிறார்கள்.

மூட்டையைப் பிரிப்போம்.

குறையாதது, ஆயுள் வரி. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு உயர்த்திய கணக்குப்படி 5 லட்சம் வரையுள்ள காருக்கு 12 சதவிகிதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் ஷோரூம்காரர் கையில் ஒன்றும் இல்லை.

அடுத்து காரின் விலை. “கம்பெனி ரூல் சார், இதுக்கு மேல குறைக்க முடியாது” என்பார்கள். இது எல்லா நேரமும் பொய்யில்லை. 2021 ஆகஸ்ட் 23-ம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஏன் தெரியுமா? கம்பெனி அனுமதித்ததற்கு மேல் டீலர்கள் தள்ளுபடியோ இலவசமோ கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தது, வாடிக்கையாளர் வேஷத்தில் ஆள் அனுப்பி வேவு பார்த்தது, மீறிய டீலருக்கு மட்டுமில்லாமல் சேல்ஸ்மேன் வரைக்கும் தண்டம் போட்டது என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனம் அப்பீல் போனது. அதே வருடம் நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்துக்கு இடைக்காலத் தடை கொடுத்தது. வழக்கின் கதை எப்படியோ போகட்டும், நமக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. கார் விலையில் டீலரின் கை கட்டப்பட்டிருக்கலாம். கட்டப்படாத கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாமா?

முதலில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’. ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்றும் எழுதுவார்கள். எக்ஸ்-ஷோரூம் விலை என்றாலே ஷோரூம் வாசலில் நிற்கிற காரின் விலை. அந்தக் கார் வாசலுக்கு வந்து சேர்ந்த செலவை எதற்கு மறுபடி தனியாகக் கேட்கிறார்கள்? சாப்பாட்டுக்குக் காசு வாங்கிவிட்டு, சமையற்கட்டிலிருந்து இலைக்கு எடுத்து வந்ததற்குத் தனிக் காசு கேட்கிற மாதிரி இருக்கிறது! அடித்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடித்துவிடுவார்கள். அடிக்க முடிகிறது என்றால், எதற்காகப் போட்டார்கள்?

அடுத்து கடன். இங்கேதான் உண்மையான அறுவடை. கடன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்குக் கமிஷன் உண்டு. அதனால்தான் உங்கள் பேங்க்கைவிட அவர்களுடைய ஃபைனான்ஸ் மேல் அவர்களுக்கு அவ்வளவு பாசம். “வெறும் 7 பர்சென்ட்தான் சார்” என்பார்கள். ‘ஃப்ளாட்’ என்ற வார்த்தையை மட்டும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள்.

5 லட்சம் கடன், 5 வருடம், 7 சதவிகிதம் ஃப்ளாட். வருடத்துக்கு வட்டி 35,000. ஐந்து வருடத்துக்கு 1,75,000. மாதத் தவணை 11,250. இதில் என்ன மோசடி என்று கேட்பீர்கள். ஐந்தாம் வருடத்தில் உங்கள் பாக்கி ஏறக்குறைய ஒரு லட்சம்தான். ஆனால் அப்போதும் முழு 5 லட்சத்துக்கு வட்டி கட்டிக்கொண்டு இருக்கிறீர்கள்! அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற முறையில் போட்டுப் பார்த்தால், இந்த 7 சதவிகிதத்தின் நிஜ முகம் சுமார் 12.5 சதவிகிதம்.

ஒரு பேங்க் அதே கடனைக் குறையும் பாக்கி முறையில் 9 சதவிகிதத்துக்குக் கொடுத்தால் தவணை 10,379. ‘7’ சொல்கிறவரைவிட ‘9’ சொல்கிறவரிடம் அறுபது மாதத்தில் 52 ஆயிரத்துக்கு மேல் மிச்சம். ஃப்ரீயாக வந்த ஃப்ளோர் மேட் ஞாபகம் இருக்கிறதா? அதன் விலை அதுதான்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். இதில் இரண்டு பாகம். அடுத்தவருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி ஒன்று. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருடத்துக்கு மொத்தமாக எடுத்தாக வேண்டும். இதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 1000 முதல் 1500 சி.சி. காருக்கு 2022 ஜூனில் அமலுக்கு வந்தது மூன்று வருடத்துக்கு 10,640 ரூபாய். பேரம் இல்லை. இன்னொன்று நம் காருக்கான ‘ஓன் டேமேஜ்’. 2007-லிருந்து இதற்குக் கட்டுப்பாட்டு விலை கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். இங்கேதான் நாம் வாயே திறப்பதில்லை.

“வெளியில இன்ஷூரன்ஸ் எடுத்தா டிஸ்கவுன்ட் கிடையாது சார், கேஷ்லெஸ் கிடைக்காது” என்று பயமுறுத்துவார்கள். கேஷ்லெஸ் என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை எங்கே வாங்கினீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் வற்புறுத்தக்கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017-லேயே விதி போட்டுவிட்டது. விதி டெல்லி, ஹைதராபாத் ஃபைல்களில் பத்திரமாக இருக்கிறது. கடலூர் ஷோரூமில் அதைக் கேட்க ஆள் இல்லை.

சரி, விலை குறைவாக ஒரு பாலிசி கொடுத்துவிட்டால் சந்தோஷப்படலாமா? நம்ம ஊரில் கூடாது. 2020 டிசம்பர் புரெவிப் புயலில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கடலூரை மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்ததும் வண்டி ஓடுகிறதா என்று ஆசையாகச் சாவியைத் திருகுவோம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜின் காலி. “தண்ணீரால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்” என்று சாதாரண பாலிசியில் கை விரித்துவிடுவார்கள். அதற்கு ‘இன்ஜின் புரொட்டெக்ட்’ என்ற தனிச் சேர்க்கை வேண்டும். மெத்தை, கண்ணாடி, ஸ்டிக்கர் என்று ஆயிரம் சொல்லுகிற தம்பி, கொள்ளிடத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் வாழ்கிறவரிடம் சொல்ல வேண்டிய இந்த ஒன்றைச் சொல்வதில்லை. இன்னொன்று: ஓனருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், மறுபடி வாங்கத் தேவையில்லை. அதையும் சொல்ல மாட்டார்கள்.

அந்தத் தம்பி மீது எனக்குக் கோபம் இல்லை. டை கட்டிக்கொண்டு, மாதக் கடைசியில் டார்கெட் பயத்தில் நிற்கிற நம் வீட்டுப் பிள்ளைதான். கோபம் எல்லாம் மூட்டை கட்டுகிற முதலாளிகள் மீதும், விதி எழுதிவிட்டுத் தூங்குகிற அதிகாரிகள் மீதும். 2025 செப்டம்பர் 22-ம் தேதி சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்தபோது நாடே கொண்டாடியது. அரசாங்கம் விட்டுக்கொடுத்ததைக் கமிஷனாகத் திருப்பிக் கட்டிவிட்டு வந்தால் யாருக்கு லாபம்?

என்ன செய்யலாம்? ஷோரூமில் உட்காரும் முன்பே ஒரு வெள்ளைத்தாள் கேளுங்கள். ஒவ்வொரு ஐட்டத்தையும் தனித்தனி வரியில் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் பேங்க்கில் முன்கூட்டியே கடன் விசாரித்துவிட்டுப் போங்கள். அதே ஐ.டி.வி., அதே சேர்க்கைகளுக்கு மூன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் விலை கேளுங்கள். ஐ.டி.வி.யைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைப்பது தள்ளுபடி இல்லை. கார் திருடு போனால் வரும் பணத்தைக் குறைக்கிற வேலை. 10 லட்சத்துக்கு மேல் கார் என்றால் பில்லில் வரும் 1 சதவிகித டி.சி.எஸ்.ஸை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மறந்துவிடாதீர்கள்.

முக்கியமாக, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்த்து நிஜ வட்டி எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். யோசிக்க மூன்று வேலை நாளாவது தர வேண்டும். தமிழில் கேளுங்கள். “சிஸ்டத்துல இங்கிலீஷ்தான் சார் வரும்” என்றால், “சிஸ்டத்தை மாத்திட்டுக் கூப்பிடுங்க” என்று எழுந்து வாருங்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்றால் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே கிடையாது.

கத்தரிக்காய் விற்கிற அம்மாவிடம் அந்த அஞ்சு ரூபாயை விட்டுவிடுங்கள். அவர் தராசு நம் கண் முன்னால் தொங்குகிறது. கண்ணில் காட்டாத தராசுக்காரரிடம் பேசுங்கள் உங்கள் பேரத்தை!