புயல் வராத நாளின் வேலை

பேரிடர் மேலாண்மை என்றதும் நம் கண்முன் வருவது ஆரஞ்சு உடையும் ரப்பர் படகும்தான். படித்து முடித்த பிள்ளை அந்தத் துறைக்குப் போகிறேன் என்றால், ‘அது பட்டாளத்துக்காரர் பார்க்கிற வேலையல்லவா’ என்றுதான் வீட்டில் கேட்பார்கள். இந்த எண்ணம் மாறவேண்டும் என்பதற்குக் குமரி மாவட்டமே போதுமான சான்று. 2004-இல் சுனாமி, 2017-இல் ஒக்கி, 2021 நவம்பரில் பெருவெள்ளம், 2024 மே மாதத்தில் கள்ளக்கடல் என்று இருபது ஆண்டுகளில் இந்தச் சிறு மாவட்டம் கடலாலும் மழையாலும் திரும்பத் திரும்ப அடிபட்டிருக்கிறது. மீட்புப் பணியில் இருந்த குறைகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டிய வேலைக்கு முழுநேர ஆள் இல்லாததைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வேலையைத் தொழிலாக ஏற்க நம் இளைஞர்கள் முன்வரவேண்டும், அதற்கான நிரந்தரப் பணியிடங்களை அரசு உருவாக்கவேண்டும் என்பதே என் வாதம்.

சுனாமி குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் தாக்கியபோது, இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அதன் பிறகுதான் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது; 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. ஆனாலும் பத்து ஆண்டுகள் கழித்து ஒக்கி நம்மைக் கலங்கடித்தது. 2017 நவம்பர் 29-இல் இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டுப் போயிருந்தார்கள். கைபேசி எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலோ, எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பதற்கு முழுமையான பதிவு இல்லை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து போனவர்கள் உண்டு, கொச்சியிலிருந்து போனவர்களும் உண்டு. படகில் வெளிமாநிலத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பங்குத்தந்தையர் வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியலும் அரசு சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. தேடுதலைத் தீவிரப்படுத்தச் சொல்லி மக்கள் குழித்துறையில் ரயில் மறியலில் உட்காரவேண்டி வந்தது. காணாமல் போனவர் இறந்துவிட்டதாகக் கொள்ள சட்டம் ஏழாண்டு காத்திருக்கச் சொல்கிறது என்ற கவலை வேறு அந்தக் குடும்பங்களை வாட்டியது. கடலுக்குப் போவோர் பதிவேடு, மாநில எல்லை தாண்டிய தகவல் பரிமாற்றம், இழப்பீட்டுக்கான சட்ட வழி ஆகிய மூன்றையும் புயல் வராத நாட்களில்தான் உருவாக்க முடியும்.

கள்ளக்கடல் சொல்லும் பாடம் இன்னும் நேரடியானது. தொலைதூரத் தென்கடலில் எழும் புயல் அனுப்பும் பேரலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளிலும் கரையேறும். 2024 மே மாதத் தொடக்கத்தில் அது வரும் என்று இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்னறிவிப்பு கொடுத்திருந்தது. அப்படியிருந்தும் மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். விஞ்ஞானம் தன் பங்கைச் செய்துவிட்டது. அறிவிப்பிலிருந்து கடற்கரை மணல் வரையிலான கடைசித் தூரத்தைத்தான் நாம் கடக்கவில்லை. எந்த வழிகளில் மக்கள் உள்ளே வருவார்கள், வெளியூர்க்காரருக்கு எந்த மொழியில் எப்படிச் சொன்னால் புரியும், எந்நேரம் எங்கே ஆள் நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடுவது தனியாகப் படித்துத் தேறவேண்டிய வேலை.

இதையெல்லாம் வருவாய்த் துறை பார்க்கிறதே என்று கேட்கலாம். பார்க்கத்தான் செய்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர்; களத்தில் ஓடுகிறவர்கள் வட்டாட்சியரும் கிராம நிர்வாக அலுவலரும். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டா, சான்றிதழ், தேர்தல் என்று நூறு பொறுப்புகளுக்கு நடுவே இது நூற்றியொன்றாவது. ஒரு வெள்ளத்தில் கற்றது இடமாறுதல் உத்தரவோடு வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அந்த மாநிலம் உடனே பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்து, ஆண்டு முழுவதும் அதே வேலையைச் செய்ய ஆட்களை வைத்தது. 2013-இல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழப் பத்து லட்சம் பேரை முன்னதாகவே வெளியேற்றினார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. முன்னறிவிப்பு மேம்பட்டதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அறிவிப்பைக் கேட்டு மக்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதற்குப் பின்னால் இருந்தது பதினான்கு ஆண்டுப் பயிற்சி.

கடலை அறிந்த மீனவருக்கு ஏட்டுப் படிப்பாளி என்ன சொல்லித்தருவது என்பது இன்னொரு மறுப்பு. இதில் நியாயம் இருக்கிறது. 2018 கேரள வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியவர்கள் மீனவர்களே. அதனாலேயே இந்தத் தொழிலுக்குக் கடற்கரைப் பிள்ளைகள் வரவேண்டும் என்கிறேன். நீரோட்டமும் காற்றும் ஊர் வழக்கமும் தெரிந்த ஒருவர் செயற்கைக்கோள் படத்தையும் நிலவரைபட மென்பொருளையும் அரசாணையையும் படிக்கக் கற்றுக்கொண்டால், அவருக்கு இணையாக வெளியிலிருந்து யாரையும் கொண்டுவர முடியாது. மலையோர ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கும், பழையாற்று வெள்ளத்தில் வயல் மூழ்குவதைப் பார்த்து வளர்ந்த தோவாளைப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, பெற்றோரின் கேள்வி: வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லிவிடவேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு மத்தியக் காவல் படைகளிலிருந்துதான் ஆட்களை எடுக்கிறார்கள். பட்டத்தைக் காட்டி நேரே சேர முடியாது. அரசுத் திட்டப் பணிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆகவே பேரிடர் மேலாண்மையை மட்டும் நம்பி இளங்கலையில் இறங்க வேண்டாம். கட்டடப் பொறியியல், புவியியல், செவிலியம், சமூகப் பணி என்று ஒரு துறையில் முதலில் காலூன்றிக்கொண்டு, அதன்மேல் இதைப் படிக்கலாம். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் இதற்கான முதுகலைப் படிப்பு உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டயம் உண்டு. இப்படிப் படித்தவர்களுக்குத் துறைமுகம், மருத்துவமனை, காப்பீடு, தொண்டு நிறுவனம், ஐ.நா. அமைப்புகள் எனப் பல கதவுகள் இருக்கின்றன.

ஆனால் அவர்கள் ஊரிலேயே இருந்து உழைக்க வேண்டுமென்றால், அரசு கதவைத் திறக்கவேண்டும். குமரியின் கடலோர ஒன்றியம் ஒவ்வொன்றிலும் ஒரு நிரந்தரப் பேரிடர் அலுவலர் பணியிடம், அவர் பொறுப்பில் கடலுக்குப் போவோர் பதிவேடு, ஆண்டுதோறும் ஒத்திகை: கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் நிவாரணத்துக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால் இந்தச் சம்பளம் மிகச் சிறியது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சாலைக்கும் தூண்டில் வளைவுக்கும் அடுத்ததாக இந்தக் கோரிக்கையையும் நாம் வைக்கவேண்டும்.