மலைப் பிள்ளைக்கு ஓரம், நடுவில் இரவல் ஆளா?

தமிழ்நாட்டுக் கால்பந்து அணிகள் தங்கள் முன்வரிசையை எப்படி நிரப்ப வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஆட்டம் தெரிந்தவர். பல காலம் மைதானத்தில் நின்றவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. ஒன்றும் தெரியாதவர் சொல்லியிருந்தால் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன்.

அவர் சொல்வது இது. சென்டர் ஃபார்வர்டு இடம் உடம்பைப் பொறுத்தது. ஆறடி உயரமும் அகன்ற தோளும் இல்லாதவன் அங்கே நின்று பிழைக்க முடியாது. நம் பையன்களுக்கு அந்த உடம்பு வராது. ஆகவே கிளப் அணியானாலும் மாவட்ட லீக் அணியானாலும் நடு இடத்துக்கு வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவர வேண்டும், இரண்டு ஓரங்களை நம்மவர்களுக்குக் கொடுக்க வேண்டும். இதோடு நிற்காமல் ஏற்காட்டு மலைக்கும் ஏறி வந்துவிட்டார். மாரமங்கலம் போன்ற மலையூர்ப் பையன்களுக்கு மூச்சு அதிகம், கால் அசராது, அவர்களை விங்கில் போட்டு மேலும் கீழும் ஓடவிட்டால் போதும் என்கிறார். சாட்சிக்குச் சென்னை சிட்டி, சென்னையின் எஃப்சி அணிகளையும், ஜப்பானையும், 1962 ஜகார்த்தாவையும் அழைக்கிறார்.

நான் மாரமங்கலத்துக்காரன். இந்த ஊர்ப் பையன்களோடு மாலை நேரத்தில் பந்து உதைப்பவன். என் ஊர்ப் பெயரைச் சொல்லி இப்படி ஒரு தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் மலையைப் பற்றியே பேசுவோம், அவர் அதிகமாகத் தடுக்கி விழுந்த இடம் அதுதான். சேர்வராயன் மலையில் சமதரை கிடைப்பது அரிது. சரிவை வெட்டி நிரவிய துண்டு நிலம்தான் எங்களுக்கு மைதானம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் காப்பித் தோட்டம். ஓங்கி உதைத்தால் பந்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே உருண்டு பள்ளத்துக்குப் போய்விடும், ஒருவன் இறங்கித் தேடி எடுத்து வரும்வரை ஆட்டம் நிற்கும். அதனால் யாரும் ஓங்கி உதைப்பதில்லை. விங்கர் ஒருவன் பந்தோடு தனியாக ஓடுவதற்கு இங்கே ஓரமென்று ஒன்று இருந்தால்தானே? பதினாறு கால்கள் நெருக்கும் இடத்தில் பந்தை வாங்குவது, முதுகில் ஒருவன் ஏறி நிற்கும்போதே அதைக் காலடியில் காப்பது, அரை அடியில் திரும்பி உதைப்பது. ஏழெட்டு வயதிலிருந்து எங்கள் பிள்ளைகள் பழகுவது இதைத்தான். இது பாக்ஸுக்குள் நிற்கும் சென்டர் ஃபார்வர்டுக்கு வேண்டிய வேலை. மலை உயரத்தில் வாழ்கிறவன் நன்றாக ஓடுவான் என்று ஊகித்தவர், அவன் எப்படி ஆடுகிறான் என்று ஒரு மாலைப்பொழுதாவது வந்து பார்த்திருக்க வேண்டும்.

பார்க்காமலேயே முடிவு செய்யும் பழக்கம் அவரோடு தொடங்கியதும் இல்லை. சேலத்தில் ஒரு தேர்வு முகாமுக்கு எங்கள் பையன்களை அழைத்துப் போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, வெயிலில் காத்திருந்து, பிள்ளைகள் களத்தில் இறங்கியதும் முதலில் கேட்கப்பட்டது உயரம், அடுத்தது ஊர். ஏற்காடு என்று சொன்னவுடனே எல்லோரும் விங்குக்கு. எங்கள் ஊரில் கோல் அடிப்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு பையனுக்கு, கோல்போஸ்ட்டுக்கு எதிரே நிற்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஓரத்தில் பந்து வராமல் ஓடி ஓடிக் களைத்துவிட்டு வெளியே வந்தான். அந்த முகாமை நடத்தியவர்களின் மனதில் இருந்த கணக்கை இப்போது கட்டுரையாக அச்சிட்டுத் தந்திருக்கிறார் நம் எழுத்தாளர்.

உடம்புக்கு வருவோம். இந்தியாவுக்காக 95 கோல் அடித்த சுனில் சேத்ரியின் உயரம் 170 சென்டிமீட்டர். அவருக்கு முன் பத்தாண்டுகளுக்கு மேல் இந்திய முன்வரிசையைச் சுமந்த பைச்சுங் பூட்டியா சிக்கிம் மலைக் கிராமத்துப் பிள்ளை. அவரை மலைக்காரன் என்று விங்கில் ஓடவிட்டிருந்தால் 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், சால்ட் லேக்கில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருக்க, மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் அடித்திருப்பாரா? ரொமாரியோ 170 சென்டிமீட்டரைக்கூடத் தொடாதவர். 1994 உலகக் கோப்பையைப் பிரேசில் வென்றது அவரை நடுவில் வைத்துத்தான். மேற்கு ஜெர்மனிக்காக 62 ஆட்டங்களில் 68 கோல் அடித்த கெர்ட் முல்லர் குட்டையான, கட்டுமஸ்தான ஆள். இவர்கள் யாரையும் கட்டுரையாளருக்குத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். தெரிந்தும் விட்டுவிட்டார்.

ஹெட்டர் அடிக்க உயரம் வேண்டும் என்பது உண்மை. ஓரத்திலிருந்து உயரமாகக் கிராஸ் போடுவதைத் தவிர வேறு எதையும் திட்டமிடாத கோச்சுக்கு ஆறடி ஆள் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரிதான். அந்தக் குறை கோச்சினுடையது. அதற்கான தண்டனையைப் பையன்கள் ஏன் அனுபவிக்க வேண்டும்?

அடுத்து அவர் அழைத்த சாட்சிகள். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2018–19 ஐ-லீக் கோப்பையைச் சென்னை சிட்டி வென்றது, 21 கோல் அடித்தவர் ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி. சரிதான். ஆனால் 2019 மார்ச் 9 அன்று நடந்த கடைசி ஆட்டத்தை ஏன் சொல்லவில்லை? பின்னாலேயே ஈஸ்ட் பெங்கால் துரத்திக்கொண்டிருந்தது, வென்றே தீர வேண்டும். மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் மான்சி அடித்தது ஒரு பெனால்டி. மற்ற இரண்டையும் அடித்தவர் கௌரவ் போரா, அசாமிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வந்த கோப்பை அது. மான்சியின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை, கோவை ரசிகர்கள் அவரைக் கொண்டாடியது நியாயம். கேள்வி வேறு. அவர் போன பிறகு அந்த இடத்தில் நிற்க ஒரு தமிழ்ப் பையன் உருவாகியிருந்தானா? இல்லை. இன்று அந்த அணியே ஐ-லீக்கில் இல்லை.

சென்னையின் எஃப்சியை எடுத்துக்கொண்டால் கட்டுரையாளர் செய்திருப்பது இன்னும் மோசம். 2015 இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை மட்டும் சொல்கிறார். 13 கோல் அடித்த கொலம்பியாவின் ஸ்டிவன் மெண்டோசா, கோவாவில் நடந்த இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவர் அடித்த வெற்றி கோல், எல்லாம் வருகிறது. 2017–18 கோப்பை வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு அணியின் நடு இடத்தில் நின்றவர் ஜெஜே லால்பெக்லுவா. மிசோரமின் நாத்தியால் ஊர்க்காரர், மலைப் பிள்ளை. அந்தப் பருவத்தில் அவர் அடித்தது 9 கோல். சென்னையில் நடந்த அரையிறுதியில் கோவாவை 3–0 என்று வீழ்த்தியபோது இரண்டு கோல் அவருடையது, மற்றொன்று நம் தனபால் கணேஷ் அடித்தது. இந்தியர்கள் மூன்று கோலையும் அடித்துத்தான் அணி இறுதிக்குப் போனது. மலையிலிருந்து வந்த ஓர் இந்தியனை சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தி, நம் மாநிலத்து அணியே கோப்பை வென்றிருக்கிறது. அதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல், மலைப் பையன்களை ஓரத்துக்கு அனுப்பச் சொல்லி ஒரு கட்டுரை எழுதுவது நேர்மையான காரியமே இல்லை.

ஜப்பானைக் காட்டியது அதைவிடப் பெரிய தவறு. 1993-ல் ஜே லீக் தொடங்கியபோது ஜிகோ, லினேக்கர் போன்றவர்களை அழைத்தார்கள், அதனால் வளர்ந்தார்கள் என்கிறார். முதல் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் அர்ஜென்டினாவின் ரமோன் டியாஸ். இரண்டாவதில் ஜெர்மனியின் ஓர்டெனெவிட்ஸ். மூன்றாவது பருவத்தில்? மசாஹிரோ ஃபுகுடா, ஜப்பானியர், 32 கோல். 1998-ல் மசாஷி நகயாமா 36 கோல். வெளிநாட்டு வீரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, தங்கள் பையன்களையும் கோல்போஸ்ட்டுக்கு எதிரே நிறுத்தினார்கள். மூன்றே ஆண்டில் பலன் தெரிந்தது. நம் ஐஎஸ்எல் 2014-ல் தொடங்கியது. 2024–25 வரை பதினோரு பருவங்கள். தங்கக் காலணி வாங்கியவர்கள் பட்டியலில் ஒரே ஓர் இந்தியர் பெயரைக் காட்டட்டும். முடியாது. ஆரம்பத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டவர், 2017-ல் ஐந்து, 2021-ல் நான்கு என்று எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எத்தனை குறைந்தாலும் முதலில் நிரப்பப்படும் இடங்களில் ஒன்றாகவே சென்டர் ஃபார்வர்டு இருந்துவருகிறது. இந்தியனுக்கு மிச்சமாவது ஓரம்தான். பதினோரு ஆண்டு நடு இடத்தைப் பூட்டி வைத்துவிட்டு, அங்கே நிற்க நம்மிடம் ஆளில்லை என்கிறார்கள்.

இதன் விலையை நாடு கொடுத்துவிட்டது. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டம் ஆடியது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை. 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய அணிகளோடு ஆடிய முதல் ஐந்து ஆட்டங்களில் மொத்தம் இரண்டே கோல், ஒரு வெற்றிகூடக் கிடையாது, தகுதியும் போனது. ஓய்வு அறிவித்த சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்து நடுவில் நிறுத்தினார்கள். 2024–25 ஐஎஸ்எல்லில் இந்தியர்களில் அதிக கோல் அடித்தவரும் அவரே. நாற்பது வயதுக்காரரைப் பின்னுக்குத் தள்ள ஓர் இருபது வயதுக்காரன் இல்லாமல் போனது பிறவிக் குறைபாட்டாலா? அந்த இருபது வயதுக்காரன் எங்கே நிறுத்தப்பட்டிருந்தான் என்று கேட்க வேண்டாமா?

கேட்டால் பதில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துச் சிவசக்தி நாராயணன். 2022–23 பருவத்தில் பெங்களூரு எஃப்சி அவரை ராய் கிருஷ்ணாவோடு முன்வரிசையில் நிறுத்தியது, சேத்ரியே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. அணி தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்களை வென்றது, இறுதிவரை போனது. சிவசக்தி 6 கோல் அடித்து, அந்தப் பருவத்தின் சிறந்த வளரும் வீரர் விருதையும் வாங்கினார். ஒரு கோச் நம்பி நடுவில் நிறுத்தினார், தமிழ்ப் பையன் கோல் அடித்தான். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக அடித்த கோல்கூடத் தமிழ்நாட்டு முன்வரிசை ஆட்டக்காரருடையது. 1960 ரோமில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தர்ராஜ் அடித்தது. வெளிநாட்டவர் ஆட முடியாத தேசிய மகளிர் போட்டியில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் கோப்பை வென்றது. அந்தப் பெண்கள் எல்லா இடத்தையும் தாங்களே நிரப்பினார்கள்.

ஜகார்த்தா மிச்சமிருக்கிறது. 1962 ஆசிய விளையாட்டில், ஸ்டாப்பராக ஆடிய ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஆறு தையல் போட்டார்கள். பயிற்சியாளர் ரஹீம் அவரை அரையிறுதியில் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். அரையிறுதியிலும் கோல், தென்கொரியாவை 2–1 என்று வென்ற இறுதியிலும் கோல். பெரிய உடம்பு நடுவில் நின்றதால் தங்கம் வந்தது என்கிறார் கட்டுரையாளர். அதே இறுதியில் முதல் கோல் பி.கே. பானர்ஜியுடையது, அரையிறுதியில் இரண்டு கோல் சுனி கோஸ்வாமியுடையது என்பதை விட்டுவிடுவோம். ரஹீம் செய்தது என்ன? நடுவில் ஆள் வேண்டும் என்றபோது தன் பதினொருவருக்குள்ளேயே தேடினார். தையல் போட்ட தலையோடு நின்றவனைப் பார்த்து, இவனால் முடியும் என்று முடிவெடுத்தார். பழைய இடத்தின் பெயரை அவன் நெற்றியில் ஒட்டி வைக்கவில்லை. அந்த ரஹீமைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, ஊரையும் உயரத்தையும் கேட்டு இடம் ஒதுக்கச் சொல்வது அவருக்குச் செய்கிற அவமரியாதை.

கிளப்புகள் வென்றாக வேண்டும், பணம் போட்டவன் கோப்பை கேட்பான் என்ற வாதம் ஒன்று மிஞ்சுகிறது. ஐஎஸ்எல் கிளப்புக்கு அதை ஒப்புக்கொள்கிறேன். மெண்டோசாவுக்கும், 2019–20-ல் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸுக்கும் தொண்டை கிழியக் கத்தியவன்தான் நானும். மாவட்ட லீக்குக்கு என்ன அவசரம்? பள்ளி அணிக்கு, ஏற்காடு கோடை விழாவை ஒட்டி நடக்கும் போட்டியில் ஆடும் ஊர் அணிக்கு என்ன நெருக்கடி? அங்கேயும் கூலிக்கு ஆள் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டால், ஒரு பையன் சென்டர் ஃபார்வர்டு ஆட்டத்தை எந்தக் களத்தில்தான் கற்றுக்கொள்வான்? தவறவிட்ட வாய்ப்புகளால்தான் ஸ்ட்ரைக்கர் உருவாகிறான். பத்து முறை வெளியே அடிப்பான், பதினோராவது முறை உள்ளே போகும். அந்தப் பத்தையும் பொறுத்துக்கொள்ளும் கோச்சும் களமும் அவனுக்குப் பதினைந்து வயதுக்குள் வேண்டும். அந்தக் களத்தைத்தான் கட்டுரையாளர் பிடுங்கச் சொல்கிறார், அதுவும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி.

அவருக்கு என் அழைப்பு இது. மாரமங்கலத்துக்கு ஒருநாள் வாருங்கள். வர முடியாவிட்டால், அடுத்த முறை எங்கள் பிள்ளைகள் சேலத்துக்குத் தேர்வுக்கு வரும்போது நீங்களும் வாருங்கள். உயரம் அளக்க வேண்டாம், ஊர் கேட்க வேண்டாம். பத்து நிமிடக் கணக்கு வேண்டாம், முழுதாக ஓர் ஆட்டம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு பையனை நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். அவனுக்குக் காலடியில் பந்து கொடுக்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு, இவன் விங்குக்குத்தான் லாயக்கு என்று மறுபடி எழுத உங்களுக்கு மனம் வந்தால் எழுதுங்கள். அதற்கும் பதில் எழுதுவேன்.