மூலிகை மலையும் முதல் நாள் ஊசியும்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே கொல்லிமலை ஏறுகிறார்கள், ஊர் பார்க்கப் போகும் கனவான்கள். இறங்கி வந்ததும், "அடடா, சித்தர் பூமி! அங்கில்லாத மருந்தா?" என்கிறார்கள். மிளகு பறித்து, மரவள்ளி நட்டு, பலாவைச் சுமந்து காலம் தள்ளும் வாழவந்தி நாட்டு மக்களை யார் கேட்டார்கள்? ஊரின் பெயரிலே வாழ்வு இருக்கிறது. கண் மஞ்சளித்தால் முதலில் கீழாநெல்லி, அடுத்து மந்திரிப்பு, கடைசியில்தான் மருத்துவர் என்ற வழக்கமும் கூடவே இருக்கிறது!

கீழாநெல்லியை நாம் இகழவில்லை, தோழர்களே! அதைச் சோதித்துப் பார்த்தவர்களே தமிழர்கள்தாம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து 1988-இல் 'லான்செட்' ஏட்டிலே எழுதினர்: மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருடைய குருதியிலிருந்து, கல்லீரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் பி' கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது, வெறும் போலி மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. இதிலென்ன வெட்கம்? மந்திரிப்பவர் தம் தாயத்தை இப்படி எண்ணிப் பார்க்க ஒருநாளும் ஒப்பமாட்டாரே!

மேலுறைப் புரதம் என்பது கிருமியின் சட்டை. 1960-களில் பிளம்பர்க் அதை முதன்முதல் கண்டது, ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் குருதியிலே. 1981-இல் வந்த முதல் தடுப்பூசிக்கு, நோய் தங்கியவர்களின் குருதியிலிருந்தே அந்தச் சட்டையைப் பிரித்தெடுத்தனர். 1986-இல் வேறு வழி பிறந்தது. சட்டைக்குரிய மரபணுத் துண்டை மட்டும் எடுத்து ஈஸ்டிலே சேர்த்தனர். ரொட்டி மாவைப் பொங்க வைக்கிறதே, அதே ஈஸ்ட்! அது மூட்டம் மூட்டமாகச் சட்டை தைத்துத் தந்தது. கள்வன் வரவில்லை, அவன் சட்டை மட்டும் வந்தது; உடலின் காவற்படை அதைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்டது. இத்தகைய புரதங்கள்தாம் இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் சோதனைப் பொருளாகவும் பயன்படுகின்றன. கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக அளந்து விற்கும் சரக்கு, தங்கம் தோற்கும்!

விலைதான் நம் வழக்கு. வெளிநாட்டு ஊசி ஒன்றுக்குப் பல நூறு ரூபாய் கேட்ட காலத்தில், வரபிரசாத் ரெட்டி என்பவர் அந்த நுட்பத்தைத் தரும்படி வெளிநாட்டாரிடம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் 1993-இல் ஐதராபாத்தில் 'சாந்தா பயோடெக்னிக்ஸ்' தொடங்கி, 1997-இல் 'ஷான்வாக்-பி' என்ற ஊசியைச் சுமார் 50 ரூபாய்க்குக் கொண்டுவந்தார். (அந்த நிறுவனத்தையே 2009-இல் பிரெஞ்சு நிறுவனமான சனோஃபி வாங்கிக்கொண்டது தனிக் கதை.) 2011-இல் இவ்வூசி நாடெங்கும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது.

தனியார் செய்ததை அரசு செய்யலாகாதா? 1907-இல் பிறந்த குன்னூர் பாஸ்டர் நிலையமும் கிண்டி பி.சி.ஜி. கூடமும் நம்மிடம் உண்டு. அவற்றின் உற்பத்தி உரிமத்தை 2008-இல் தில்லி நிறுத்தி, 2010-இல்தான் மீட்டுத் தந்தது. செங்கற்பட்டில் 594 கோடி ரூபாய்த் திட்டமாக 2012-இல் ஒப்புதல் பெற்ற தடுப்பூசி வளாகம், இந்த 'ஹெபடைடிஸ் பி' ஊசியையும் செய்யவென்றே திட்டமிடப்பட்டது. 2021-இல் கொரோனாவின்போது நாடே ஊசிக்குத் தவிக்க, அங்கிருந்து ஒரு குப்பி வந்ததா? முதல்வர் ஸ்டாலின் நேரில் சென்று பார்த்து, மாநிலத்துக்குக் குத்தகைக்கு விடுங்கள் என்று பிரதமருக்கு எழுதினார். கேட்டது பிச்சையா? நம் மண்ணிலே நின்ற கூடத்தின் சாவி!

அவசரம் ஏனென்றால், பிறக்கும்போது தாயிடமிருந்து இக்கிருமி தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது உடலில் நிலைத்துவிடுகிறது. பிற்காலத்தில் கல்லீரல் சுருங்கும், புற்றுநோயும் வரும். பெரியவருக்குத் தொற்றினால் நூற்றில் ஐவருக்குக்கூட நிலைப்பதில்லை. ஆகவே முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள்! குப்பியோ 2 முதல் 8 பாகைக் குளிரில் இருக்கவேண்டும், உறைந்தாலும் கெட்டது.

மலைமேல் காற்றடித்து மின்கம்பி அறுந்தால் என்ன ஏற்பாடு? நாமக்கல் தோழர்கள் அடுத்த முறை வாழவந்தி நாடு ஏறும்போது அருவியைப் பிறகு பார்க்கலாம். குளிர்பெட்டி ஓடுகிறதா, பிறந்த நாள் ஊசிக்குப் பதிவேடு இருக்கிறதா, வீட்டிலே பிறந்த பிள்ளைக்கு யார் நடந்துபோய்ப் போட்டார்கள் என்று கேட்டு, நமக்கு எழுதுங்கள்.