யோக்கோஹாமா பக்கம், கிள்ளான் தூரம்

பினாங்குத் தீவை விட்டு வெளியேறும்போது பாலத்தில் யாரும் காசு கேட்பதில்லை. திரும்பி வரும்போதுதான் டோல். பழைய கார் வாங்கத் தலைநகர்ப் பக்கம் போகிறவர்களுக்கென்றே செய்த ஏற்பாடு போல இருக்கிறது இது. பட்டர்வொர்த்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கோலாலம்பூர். வாங்கிய காரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்டி வந்தால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

பிறையிலும் புக்கிட் மெர்தாஜமிலும் பழைய கார் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த ஆண்டுதான் வேண்டும், இந்த நிறம்தான் வேண்டும் என்று மைவியோ சாகாவோ தேடுபவருக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் தேர்வு அதிகம். விலையும் ஓராயிரம் ரிங்கிட் குறைவாகக் கண்ணில் படும். சட்டத்திலும் தடையில்லை. சிலாங்கூரின் பி எழுத்தில் தொடங்கும் கார், அதே எண்ணோடு பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஆயுள் முழுக்க ஓடலாம். இந்தியாவில் அப்படியில்லை. பத்து ஆண்டு தாண்டிய டீசல் காருக்கு டெல்லியில் தடை வந்ததும் அங்கே விலை சரிந்தது. ஆனால் மலிவாகக் கிடைத்த காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனவர் தடையில்லாச் சான்று, மறுபதிவு, மீண்டும் சாலை வரி என்று அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் மலேசியத் தீபகற்பத்தில் கிடையாது. கார் தடையில்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் போகிறது. அதைப் பற்றிய தகவல்தான் கூடவே போவதில்லை.

முதலில் மீட்டரை எடுத்துக்கொள்வோம். தனியார் கார்கள் இங்கே ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டியதில்லை. டாக்சி, லாரி, பேருந்து போன்றவற்றுக்கும், மூன்று வயது தாண்டிய இ-ஹெய்லிங் கார்களுக்கும்தான் அந்தக் கட்டாயம். ஆகவே ஒரு சாதாரண குடும்பக் கார் பத்து ஆண்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது எந்தப் பொதுப் பதிவிலும் ஏறுவதில்லை. மீட்டரைத் திருப்பியவர் சொல்வதே கணக்கு. 'ஒரே ஓனர், ஆசிரியை ஓட்டியது' என்று விளம்பரத்தில் வரும் கார் இரண்டு ஆண்டு விமான நிலையத்துக்குச் சவாரி போனதா என்று கண்டுபிடிக்க, வாங்குபவருக்கு இருக்கை உறையின் தேய்மானத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பிரிட்டனில் மூன்று வயதான ஒவ்வொரு காரும் ஆண்டுக்கொரு முறை எம்ஓடி சோதனைக்குப் போகிறது. அப்போது குறிக்கப்படும் ஓட்டக் கணக்கை, கார் எண்ணைத் தட்டி யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் இருப்பவர் லண்டன் காரை வாங்க ரயில் ஏறுமுன்பே அதன் வரலாற்றைப் படித்துவிடுவார். ஜப்பானிலும் கட்டாயச் சோதனையின்போது ஓட்டக் கணக்கு சான்றிதழில் ஏறுகிறது. ஏலத்துக்கு வரும் காருக்குத் தரப் புள்ளி, கீறல், பழுது எல்லாம் குறித்த ஏலத் தாளும் உண்டு. அதனால் மலேசியாவில் ஒரு வேடிக்கை நடக்கிறது. இறக்குமதி பெர்மிட்டில் ஜப்பானிலிருந்து கடல் கடந்து வரும் ரீகண்ட் எனும் பழைய வண்டியை வாங்குபவர் கேட்டுப் பெற ஒரு தாளாவது இருக்கிறது. கிள்ளானிலிருந்து அரை நாளில் வந்துசேரும் மைவிக்கு அதுவும் இல்லை. ஜார்ஜ்டவுன்காரருக்கு யோக்கோஹாமா பக்கமாகவும் கிள்ளான் தூரமாகவும் இருக்கிறது.

வெள்ளம் இதைவிட மோசம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது வீதி வீதியாகக் கார்கள் கூரை வரை தண்ணீரில் நின்றதை நாடே பார்த்தது. நம் வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. கூடுதல் பணம் கட்டித் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காத குடும்பத்துக்கு இழப்பீடு கிடையாது. கார்க் கடனோ மாதா மாதம் ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவர் காரைக் கழுவி, காயவைத்து, வந்த விலைக்குத் தள்ளிவிட நினைப்பது மனித இயல்பு. அந்தக் கார் உள்ளூரில் விலை போகாது. வெள்ளத்தைக் கண்ணால் பார்க்காத ஊர்தான் அதற்குச் சந்தை. பினாங்குக்காரர்கள் சிலாங்கூரை மட்டும் குறை சொல்லவும் வேண்டாம். 2017 நவம்பரில் இந்தத் தீவும் கரைப்பகுதியும் மூழ்கின. இங்கே நனைந்த கார்களும் எங்கேயோ போய்த்தான் இருக்கும்.

இத்தனையையும் மறைக்க விற்பவருக்குத் தூரம் கைகொடுக்கிறது. விடியலில் ரயில் ஏறி, வேலைக்கு லீவு போட்டு, மைத்துனரையும் துணைக்கு அழைத்து வந்தவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். "சாயங்காலம் ஈப்போவிலிருந்து ஒருத்தர் பார்க்க வர்றாரு பாஸ்" என்ற ஒரு வரி போதும். அதே காரை வீட்டுப் பக்கத்துக் கடையில் பார்த்திருந்தால், கதவு ரப்பருக்குக் கீழே ஒட்டியிருக்கும் சேற்றைக் கண்டதும் நடையைக் கட்டியிருப்பார். இங்கே அந்தச் சேற்றுக்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறார்.

வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் இருக்கிறதே என்பார்கள். உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையின் முதல் வேலை, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. திருட்டுக் காரையும் குளோன் காரையும் பிடிக்க அது அவசியம். ஆனால் கியர் பெட்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லாது. பாஸ் ஆன தாளைக் காட்டி "புஸ்பாகோமே ஓகே சொல்லிட்டான்" என்று விற்பது பாதி உண்மை.

அரசு செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. விற்பனையில் உரிமை மாறும்போது கார் எப்படியும் சோதனை நிலையத்துக்குள் வருகிறது. அப்போது மீட்டர் அளவைக் குறித்து, கார் எண்ணைக் கொண்டு யாரும் பார்க்கும்படி சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே வெளியிடலாம். காப்புறுதி நிறுவனங்கள் முழு இழப்பு என்று ஒதுக்கிய கார்களின் விவரத்தையும் அதே பதிவில் சேர்க்கலாம். தனியுரிமை போய்விடும் என்ற வாதம் நிற்காது. உரிமையாளர் பெயரை யாரும் கேட்கவில்லை, காரின் கதையைத்தான் கேட்கிறார்கள். சோதனைத் துறையில் புஸ்பாகோமின் ஏகபோகத்தை 2024-இல் முடித்துப் புதியவர்களுக்கு வழிவிட்ட கையோடு இதையும் நிபந்தனையாகச் சேர்ப்பது எளிது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும் வரை அரை நூற்றாண்டு காலம் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நடத்திய ஊர் இது. இந்தக் கோரிக்கை இங்கிருந்து எழுவது பொருத்தமாக இருக்கும்.

அதுவரை, ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் கார் இருக்கும் ஊர் மெக்கானிக் ஒருவரைப் பிடித்துக் காரைப் பார்க்கச் சொல்வது மலிவு. புக்கிங் பணமும் கண்டபடி கொடுக்க வேண்டியதில்லை. கடனில் வாங்கும் காருக்கு ரொக்க விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. 30,000 ரிங்கிட் காருக்கு அது 300 ரிங்கிட். போனாலும் குடி முழுகாது. கடையில் வாங்கி ஏமாந்தவர் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இணையத்தில் விளம்பரம் போட்ட தனிநபரிடம் வாங்கியவருக்கு அந்தத் தீர்ப்பாயம் உதவாது. மீட்டர் பதிவை உரிமை மாற்றத்தோடு சேர்க்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்: கடையிலிருந்து வந்த காரும் யார் வீட்டு வாசலிலிருந்தோ வந்த காரும் பி5-க்கு ஒரே வரிசையில்தான் நிற்கின்றன.