சக்கரம் நேராக நிற்கிறதா?

மாணவ நண்பர்களே, டயர் கடை வாசலில் கழற்றிப் போடப்பட்டுக் கிடக்கும் பழைய டயர்களை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சேலத்திலிருந்து மல்லூர், ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் இத்தகைய கடைகளுக்குப் பஞ்சமில்லை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நாமக்கல் பேர்போனது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. லாரித் தொழிலுக்குச் சங்ககிரி. சக்கரத்தை நம்பிச் சோறு உண்ணும் சமவெளி இது.

அந்தப் பழைய டயர்களில் சிலவற்றைப் பாருங்கள். ஒரு விளிம்பு மொட்டையாகத் தேய்ந்து உள்ளிருக்கும் இழை தெரியும். மறு விளிம்பில் வெட்டுகள் இன்னும் ஆழமாக இருக்கும். அந்த டயர் வயதாகிச் சாகவில்லை. பாதி ஆயுளிலேயே கொல்லப்பட்டது. காரணம், சக்கரம் நிற்க வேண்டிய கோணத்தில் நிற்கவில்லை என்பதே.

இதைச் சரிசெய்யும் வேலையைப் பட்டறைகளில் 'அலைன்மெண்ட்' என்கிறார்கள். இதைப் பற்றி நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அலைன்மெண்ட் என்பது அளவெடுக்கும் வேலை. திருத்துவதற்கு முன் என்ன அளவு, திருத்திய பின் என்ன அளவு என்று காட்டாமல் செய்யப்படும் அலைன்மெண்ட், அலைன்மெண்டே அன்று.

மூன்று கோணங்கள்

சக்கரத்தின் நிலையை முக்கியமாக மூன்று கோணங்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது 'டோ'. உங்கள் இரு பாதங்களையும் பாருங்கள். கட்டைவிரல்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கலாம், வெளிநோக்கியும் திரும்பியிருக்கலாம். மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களும் அப்படியே. வண்டி ஓடும்போது சாலையின் தடை சக்கரங்களைச் சற்றே திருப்பிவிடும். அப்போது அவை இணையாக அமைய வேண்டும் என்பதற்காகவே பல வண்டிகளில் நிற்கும் நிலையில் மிகச் சிறிய உள்நோக்கு வைக்கிறார்கள். எவ்வளவு என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் தயாரிப்பாளர் வரையறுத்திருக்கிறார்.

இரண்டாவது 'கேம்பர்'. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது. இது மிகுந்தால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும்.

மூன்றாவது 'காஸ்டர்'. இதைப் புரிந்துகொள்ள உங்கள் சைக்கிள் போதும். முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சாய்வின் கோட்டைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையை எட்டும். ஆகவே கயிற்றில் கட்டிய கன்று இழுத்தவர் பின்னால் வருவதுபோல் சக்கரம் பின்தொடர்கிறது. வளைவில் திரும்பிய காரின் ஸ்டியரிங் தானே நேர்நிலைக்குத் திரும்புவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

சாக்பீஸ் சோதனை

இப்போது ஒரு சோதனை. ஒரு சாக்பீஸைச் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்து உள்ளங்கையால் நேராக உருட்டுங்கள். மிக லேசான தடமே விழும். அடுத்து, அதன் திசையை மாற்றாமல் கையை மட்டும் சற்றுச் சாய்வாகத் தள்ளுங்கள். சாக்பீஸ் உருள்வதோடு நில்லாமல் பக்கவாட்டிலும் தேய்ந்து, பட்டையான வெள்ளைக் கோடு விழும். டோ தவறிய டயருக்கு நேர்வதும் இதுதான். சுண்ணாம்புப் பொடிக்குப் பதில் அங்கே ரப்பர் பொடி உதிர்கிறது.

எவ்வளவு தேயும்? ஒரு காரின் டயர் விட்டம் சுமார் 600 மி.மீ. என்று கொள்வோம். இணையாக ஓட வேண்டிய இரு முன்சக்கரங்களுக்கும் இடையே, பின்விளிம்பில் உள்ள தூரத்தைவிட முன்விளிம்பில் உள்ள தூரம் 3 மி.மீ. குறைவாக இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் பங்கும் 1.5 மி.மீ. இதை 600ஆல் வகுத்தால் 400இல் ஒரு பங்கு. அதாவது, 400 மீட்டர் ஓடும்போது சக்கரம் 1 மீட்டர் பக்கவாட்டில் போக முயல்கிறது. வண்டியோ அதை நேராக இழுத்துச் செல்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு 2.5 மீட்டர். 50 கி.மீ. பயணத்தில் 125 மீட்டர்!

ரப்பர் வளைந்து கொடுப்பதால் இந்த 125 மீட்டரும் அப்படியே தேய்ப்பாகிவிடாது. தரையைத் தொடும் பகுதி முதலில் வளைகிறது. தரையை விட்டு விலகும் நேரத்தில் சறுக்கிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அந்தச் சிறு சறுக்கல்தான் அரம்போல் ரப்பரை அராவுகிறது. அதற்கான சக்தி பெட்ரோலிலிருந்தும் டீசலிலிருந்தும் வருகிறது. டயரும் போகிறது, எண்ணெயும் போகிறது.

நூலும் கம்ப்யூட்டரும்

"அனுபவமுள்ள மேஸ்திரியின் கண் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. மேஸ்திரியின் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 3 மி.மீ. வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க இயலாது. கொத்தனார் சுவர் எழுப்பும்போது கண்ணை நம்புவதில்லை. நூல் பிடிக்கிறார், தூக்குக்குண்டு விடுகிறார். நல்ல பழைய மேஸ்திரிகளும் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் கட்டி, அளவுகோல் வைத்தே டோ பார்த்தார்கள். அது உண்மையான அளவு.

இன்று நான்கு சக்கரங்களிலும் பலகைகளைப் பொருத்தி, கேமராக்கள் மூலம் கோணங்களைக் கணக்கிடும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றின் நுட்பம் நூலைவிட மிக அதிகம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறே. டயர்களில் காற்று சமமாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும், கோணங்களும் மாறும். ஸ்டியரிங்கின் இணைப்பு மூட்டுகளோ சக்கர பேரிங்கோ ஆடிக்கொண்டிருந்தால், இப்போது வைத்த அளவு அடுத்த பள்ளத்தில் மாறிவிடும். ஆகவே காற்று முதலில், ஆட்டம் அடுத்து, கோணம் அதற்குப் பின் என்பதே சரியான வரிசை. வரிசையை மாற்றினால் கருவி துல்லியமாகப் பொய் சொல்லும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மெண்ட்டைக் குறை சொல்வதும் சரியன்று. மழைநீர் வடிவதற்காகச் சாலையே ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். நம் நாட்டில் இடப்புறம் ஓட்டுவதால் வண்டி இடப்பக்கம் சற்று ஒதுங்கும். டயரின் குறையாலும் இழுக்கலாம். இரு முன் டயர்களையும் இடம் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். இழுப்பும் திசை மாறினால் குற்றவாளி டயரே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த முறையை உங்கள் ஆய்வுக்கூடத்திலும் கற்கிறீர்கள் அல்லவா?

லாரியின் பின்பக்கம்

பெரும்பாலான லாரிகளில் முன்பக்கம் ஒரே கனத்த இரும்பு அச்சு. அதில் பட்டறையில் எளிதாகத் திருத்தக்கூடியது டோ ஒன்றே. கேம்பர் மாறியிருந்தால் அச்சு வளைந்திருக்கலாம் அல்லது கிங்பின் தேய்ந்திருக்கலாம். அதை டோவைத் திருகிச் சரிசெய்ய முடியாது.

பலர் மறந்துவிடும் இடம் பின் அச்சு. ஸ்பிரிங் பட்டைகளைப் பிணைத்திருக்கும் நடு போல்ட் உடைந்தால் அச்சு இடம் நகர்ந்து கோணலாகிவிடும். அத்தகைய லாரி நண்டுபோல் சற்றுக் குறுக்கே சாய்ந்தபடி ஓடும். டிரைவர் ஸ்டியரிங்கை ஓயாமல் பிடித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும். இரவு முழுவதும் ஓட்டுபவரின் தோளும் கவனமும் எவ்வளவு களைத்துப்போகும் என்று எண்ணிப் பாருங்கள். மழையில் பிரேக் போடும்போது, மொட்டையாகத் தேய்ந்த டயர் சாலையிலுள்ள நீரை விலக்க முடியாமல் வழுக்கும். இங்கே பேச்சு பணத்தோடு நிற்கவில்லை, உயிரையும் தொடுகிறது.

உதிரும் ரப்பர் பொடியும் எங்கோ மறைந்துவிடுவதில்லை. மழைநீரோடு ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. டயர் ரப்பரில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருளிலிருந்து உண்டாகும் நஞ்சு, அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

"ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்துவிடுகிறோமே" என்பார்கள் பெரியவர்கள். தேதி பார்த்துச் செய்வதில் குற்றமில்லை. ஆனால் பள்ளத்தில் பலமாக விழுந்த மறுநாளே கோணம் மாறியிருக்கலாம். ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்து வண்டியைக் கொண்டாடும் நாம், மாதம் ஒரு முறை டயரைத் தடவிப் பார்க்கலாமே!

நின்றிருக்கும் வண்டியின் டயரைக் குறுக்காகக் கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப்பல் போலவும் இருந்தால் டோவைச் சந்தேகியுங்கள். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரையும் பாருங்கள். இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால், அது பெரும்பாலும் சக்கரத்தின் எடைச் சமநிலை பற்றியது. அதற்கு 'பேலன்ஸிங்' என்ற வேறு வேலை இருக்கிறது.

அடுத்த முறை அப்பாவுடனோ மாமாவுடனோ டயர் கடைக்குப் போனால் மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். "காற்றும் மூட்டுகளும் பார்த்தாகிவிட்டதா? திருத்துவதற்கு முன் அளவு என்ன? திருத்திய பின் அளவு என்ன?" நல்ல மேஸ்திரி இக்கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார். தன் வேலையின் அருமை தெரிந்த ஒரு பிள்ளை வந்திருக்கிறது என்று மகிழ்வார். அளவு எழுதிய தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தாளோடு ஒப்பிட்டால், இடையில் எந்தக் கோணம் எவ்வளவு நகர்ந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.