கஞ்சா ஆய்வில் முதியவர்கள் எங்கே?

பிள்ளைகள் கடல் கடந்துவிட, யாழ்ப்பாணத்து அளவெட்டியில் தனித்திருக்கும் முதியவர்களுக்குப் பிறசர் குளிசையும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்கும்தான் துணை. கனடாவிலோ 2018 ஒக்ரோபர் முதல் கஞ்சாவைச் சட்டப்படி கடையில் வாங்கலாம். "மூட்டு நோவுக்கு நல்லதாம், பிறசரும் இறங்குமாம்" என்ற பேச்சோடு, கஞ்சாவிலிருந்து எடுக்கும் கனபிடியோல் எண்ணெய்ப் போத்தலொன்று பயணப்பெட்டிக்குள் இங்கு வந்து சேர அதிக காலம் பிடிக்காது.

பிறசர் இறங்கும் என்பது முழுப் பொய்யல்ல. 2017இல் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் 600 மில்லிகிராம் கனபிடியோலை ஒரே வேளையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குருதியமுக்கம் சற்று இறங்கியது. ஆனால் குடித்தவர்கள் 9 பேர், அத்தனை பேரும் நோயற்ற இளைஞர்கள்! கஞ்சாவில் போதை தரும் பொருளான ரிஎச்சியின் கதை வேறு. அதைப் புகைத்தவர்களுக்கும் தின்றவர்களுக்கும் குருதிக்குழாய் விரியும் திறன் குறைந்திருந்ததை 2025இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கும் முதியவர்கள் இல்லை.

எழுபது வயதுக் குழாயோ சுவர் விறைத்தது. அதை விரியவைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டும் குறைந்திருக்கும். குளிசையோடு எண்ணெயும் சேர்ந்தால், கட்டிலால் எழும்பும்போதே தலைசுற்றி விழலாம். வார்ஃபரின் எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது: கனபிடியோல் அம்மருந்தின் வீரியத்தைக் கூட்டும், குருதி உறையாமல் கசியலாம்.

ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு இலங்கை அரசு 2025இல் அனுமதி கொடுத்தது. டொலருக்காகத் திறக்கும் கதவு ஆய்வுக்கும் திறக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. யாழ். பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. சித்த மருத்துவக் கல்வியும் இருக்கிறது. கஞ்சா சேர்ந்த மருந்துகளை ஏடுகளில் வைத்திருக்கும் மரபும், குழாயின் விறைப்பை அளக்கும் கருவியும் ஒரே மேசைக்கு வரட்டும்.

'கேரள கஞ்சா' கரையிறங்கி இளைஞர்களைக் கெடுக்கும் மண்ணில் இது என்ன பேச்சு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கோபம். நாம் கேட்பது மூட்டை மூட்டையாகப் பிடிபடும் அந்தச் சரக்கையல்ல. அதில் எது எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது, ஆய்வுக்கும் உதவாது. அளந்து சுத்திகரித்த, போதையற்ற கனபிடியோல் போதும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் மருத்துவரின் மேற்பார்வையும் கட்டாயம். மிகக் குறைந்த அளவில் தொடங்கலாம். 65 வயது கடந்து, ஏற்கெனவே பிறசர் குளிசை எடுப்பவர்களே அந்த ஆய்வின் முதல் வரிசையில் இருக்க வேண்டும்.